மொட்டை மாடி ஒழுகுகிறது. முதலில் எதைச் செய்வது?

கேள்வி: கடலூரில், கடலிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் தொலைவில் எங்கள் வீடு இருக்கிறது. 2001-இல் கட்டியது. ஆயிரம் சதுர அடி கான்கிரீட் தளம். மேலே செங்கல் சல்லிக் கலவையான சுருக்கி போட்டு, தட்டோடு எனப்படும் தட்டையான ஓடுகளைப் பதித்திருக்கிறோம். 2011-இல் வந்த தானே புயலில்கூட ஒழுகாத வீடு, 2024-இல் ஃபெஞ்சல் புயலின்போது படுக்கையறையின் மேற்குச் சுவர் ஓரமாகக் கசியத் தொடங்கியது. அதன்பின் வந்த ஐப்பசி மழையில் கூடத்தின் நடுவிலும் ஈரம் பரவி, மின்விசிறிக்கு அருகே ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் காரை பெயர்ந்து விழுந்துவிட்டது. உள்ளே துருப்பிடித்த கம்பி தெரிகிறது. மூன்று பேரை அழைத்துக் காட்டினோம். ஒருவர் வெள்ளை நிற வாட்டர்ப்ரூஃப் பூச்சு இரண்டு கோட்டிங் அடித்தால் போதும் என்று 32,000 ரூபாய் கேட்கிறார். இன்னொருவர் மாடி முழுவதற்கும் தகர ஷீட் கூரை போட்டுவிடலாம், 2,30,000 ஆகும் என்கிறார். மூன்றாமவர் பழைய தட்டோட்டைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் பதிக்க 1,70,000 என்கிறார். ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து இரண்டரை லட்சத்துக்கு மேல் என்னால் எடுக்க இயலாது. மூவரில் யார் சொல்வதைக் கேட்பது?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, கடலூர்

பதில்: அன்புள்ள அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் முன்பே ஒரு காரியம் செய்துவிடுங்கள். கூடத்து மின்விசிறியை நிறுத்தி, அதைக் கழற்றி இறக்கிவைக்கச் சொல்லுங்கள். அதன் கீழே கட்டிலோ நாற்காலியோ இருந்தால் நகர்த்திவிடுங்கள். மின்விசிறியின் கொக்கி தளத்தின் கம்பியில்தான் மாட்டப்பட்டிருக்கும். அந்தக் கம்பி துருப்பிடித்திருப்பதை நீங்களே கண்ணால் பார்த்துவிட்டீர்கள். ஒரு சதுர அடிப் பரப்பில் ஒரு அங்குலக் கனத்துக்குக் காரை பெயர்ந்து விழுந்தால் அதன் எடை ஐந்து கிலோவுக்கு மேல் இருக்கும். முதல் துண்டு விழுந்த இடத்தைச் சுற்றி இன்னும் சில துண்டுகள் விழக் காத்துக்கொண்டிருக்கும் என்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் அழைத்த மூவரும் மாடிக்கு ஏறிப் பார்த்து விலை சொல்லியிருக்கிறார்கள். ஒருவராவது கூடத்தில் ஏணி போட்டு ஏறி, விட்டத்தை, அதாவது தளத்தின் அடிப்பக்கத்தை, சுத்தியலால் தட்டிப் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. அந்த மூன்று விலைகளில் எதிலும் கம்பியைச் சரிசெய்யும் செலவும் இல்லை. இப்படியே எந்த வேலையைத் தொடங்கினாலும், மேலே புதுத்தளம் மின்னிக்கொண்டிருக்க, கீழே பழைய கம்பி தொடர்ந்து துருவேறிக்கொண்டே இருக்கும். ஆகவே, யார் சொல்வதைக் கேட்பது என்பதைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, உங்கள் தளத்துக்கு என்ன நேர்ந்தது என்பதை முதலில் பார்ப்போம்.

இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை பெருகும். தளத்தின் அடிப்பக்கத்தில் கம்பிக்கும் உங்கள் பார்வைக்கும் இடையே இருக்கும் காரை பெரும்பாலான வீடுகளில் இருபது மில்லிமீட்டர்தான். கட்டும்போது கவனக்குறைவாக இருந்திருந்தால் பத்துகூட இராது. உள்ளே பருக்கும் கம்பி அந்த மெல்லிய காரையை வெளியே தள்ளுகிறது. முதலில் கம்பி ஓடும் திசையிலேயே ஒரு கோடாக விரிசல் விழும், பிறகு பழுப்புக் கறை, பிறகு பெயர்ந்து விழுதல். கடற்கரையில் இது விரைவாக நடப்பதற்குக் காரணம் காற்றில் கலந்திருக்கும் உப்பு. கட்டும்போது கலவைக்கு ஊற்றிய கிணற்று நீர் உவர்ப்பாக இருந்திருந்தாலும் அதே விளைவுதான். மழைநீர் கசியக் கசிய, உப்பு ஈரத்தோடு சேர்ந்து கம்பி வரைக்கும் போய்ச் சேர்கிறது.

இந்த இடத்தில்தான் மிகப் பெரிய தவறு நடக்கிறது. பெயர்ந்த இடத்தில் கொத்தனார் சிமெண்ட் பால் அடித்து, மூன்று பங்கு மணலுக்கு ஒரு பங்கு சிமெண்ட் கலந்த கலவையை அப்பி, பட்டி பார்த்து, சுண்ணாம்பு அடித்துவிடுவார். பார்வைக்கு மறைந்துவிடும். அடுத்த ஆண்டோ அதற்கு அடுத்த ஆண்டோ அதே இடம், இந்த முறை இன்னும் அகலமாக, விழும். முறையான வழி வேறு. முதலில் தளத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். பிறகு விட்டம் முழுவதையும் சுத்தியலின் பின்பக்கத்தால் மெல்லத் தட்டி வர வேண்டும். ‘ணங்’ என்று கெட்டியாக ஒலித்தால் நல்ல இடம், பானையைத் தட்டியதுபோலப் பொத்தலாக ஒலித்தால் உள்ளே விட்டுப்போன இடம். அந்த இடங்களைச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிட்டு, உளியால் கொத்தி, துருவற்ற கம்பி தெரியும் வரை, அதையும் தாண்டி அரை அடி வரை, கம்பியின் பின்புறமும் விரல் நுழையும்படி காரையை எடுத்துவிட வேண்டும். கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துப் பளபளப்பாக்கி, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த பழுதுநீக்கக் கலவையை ஒரே அப்பாக அப்பாமல் அடுக்கடுக்காகப் பூசி நீராற்ற வேண்டும், அதாவது ஈரம் காயாமல் வைத்து இறுக விட வேண்டும். தேய்த்த பிறகு கம்பியின் கனம் கால் பங்குக்கு மேல் குறைந்திருப்பதாகத் தெரிந்தால், அது கொத்தனாரோடு முடிகிற வேலை அன்று. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் வந்து பார்த்து, கூடுதல் கம்பி எங்கே, எவ்வளவு சேர்ப்பது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அவருக்கு நீங்கள் தரும் சில ஆயிரம் ரூபாயை வீண்செலவாக நினைத்துவிடாதீர்கள்.

இனி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். ஒழுகும் இடமும் நீர் நுழையும் இடமும் நேருக்கு நேராக இருப்பது அரிது. தட்டோட்டின் ஒரு மூலையில் இறங்கிய நீர் சுருக்கிக்கு அடியில் பத்து அடி ஊர்ந்துபோய், தளத்தில் விரிசல் கண்ட இடத்தில் இறங்கும். எனவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் சில நாட்களுக்குக் குறித்துவாருங்கள். மழை தொடங்கிய அரைமணிக்குள் கசிகிறதா, மழை விட்டு மறுநாள் கசிகிறதா? மழையே இல்லாத பங்குனியிலும் ஈரம் தெரிகிறதா? உடனே கசிந்தால் நேரடியான விரிசல். மறுநாள் கசிந்தால் சுருக்கி நீரைக் குடித்து வைத்துக்கொண்டு மெல்ல விடுகிறது. வெயில் காலத்திலும் ஈரமென்றால் மாடித் தண்ணீர்த் தொட்டியோ அதன் குழாயோதான் காரணம். இந்த மூன்றாவது காரணத்தைக் கண்டுகொள்ளாமல் தளத்துக்கு ஒன்றரை லட்சம் செலவழித்துவிட்டு, பிறகு தொட்டியின் அடிக்குழாயில் இருந்த நூறு ரூபாய் இணைப்பை மாற்றிக் கசிவை நிறுத்திய ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும்.

உங்கள் மேற்குச் சுவரைப் பற்றி நேரில் பார்க்காமலே ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும். சித்திரை வெயிலில் மொட்டை மாடியின் மேற்பரப்பு அறுபது டிகிரியைத் தொடும்; விடியற்காலையில் முப்பதுக்குக் கீழே வந்துவிடும். நாற்பது அடி நீளமுள்ள கான்கிரீட் தளம் இருபத்தைந்து டிகிரி சூடேறினால் சுமார் மூன்று மில்லிமீட்டர் நீளும். அதன் கீழே இருக்கும் செங்கல் சுவர் அந்த அளவுக்கு நீளாது, கான்கிரீட்டில் பாதிதான். ஆக, ஒவ்வொரு பகலும் தளம் சுவரின் தலைமேல் நகர்கிறது, ஒவ்வொரு இரவும் திரும்பி வருகிறது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இப்படி நகர்ந்ததன் விளைவுதான், தளமும் சுவரும் சேரும் இடத்தில் படுக்கை வாட்டில் ஓடும் விரிசல். மாலை வெயில் முழுவதையும் வாங்கும் மேற்கில் அது முதலில் தெரிவதில் வியப்பில்லை. இதே காரணத்தால்தான் அந்த விரிசலை வெறும் சிமெண்டால் அடைக்கக் கூடாது என்கிறேன். தளம் குளிர்ந்து சுருங்கும் விடியலில் விரிசல் வாய் திறக்கும், நண்பகலில் மூடும். நெகிழாத சிமெண்ட் அந்த ஆட்டத்தில் ஒரு கோடையில் உடைந்துவிடும். விரிசலை ஆங்கில வி எழுத்து வடிவில் உளியால் அகலப்படுத்தி, பாலியூரித்தேன் போன்ற நெகிழும் அடைப்பானால் நிரப்பி, அதன்மேல் வலைத்துணி வைத்துப் பூசுவதுதான் நிலைக்கும்.

தானே புயலில் ஒழுகாத வீடு ஃபெஞ்சலில் ஏன் ஒழுகியது என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். இடைப்பட்ட பதின்மூன்று கோடைகள் ஒரு காரணம். மழையின் தன்மை இன்னொன்று. 2024 நவம்பர் 30 இரவு கரையைக் கடந்த ஃபெஞ்சல், புதுச்சேரிக்கு அருகே மணிக்கணக்கில் நகராமல் நின்றது. உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஆயிரம் சதுர அடி மாடியில் அந்த அளவு மழை என்றால் 44,000 லிட்டருக்கு மேல், அதாவது 12,000 லிட்டர் லாரிகள் ஏறத்தாழ நான்கு. அவ்வளவு நீரும் உங்கள் மாடியிலிருந்து எத்தனை குழாய் வழியாக இறங்கியது? நீங்கள் அனுப்பிய படத்தில் எனக்குத் தெரிவது ஒன்றுதான், அதுவும் மூன்று அங்குலக் குழாய், வாயில் வேப்பிலைச் சருகு. குழாய் அடைத்துக்கொண்டு கைப்பிடிச் சுவருக்குள் அரை அடி நீர் தேங்கினால் சதுர மீட்டருக்கு 150 கிலோ. ஆட்கள் நடமாடும் மொட்டை மாடியின் மேல் வரும் சுமைக்கென்று இந்திய தர விதிகள் கணக்கில் வைக்கச் சொல்வதே அவ்வளவுதான். அத்தோடு, தேங்கிய நீர் கைப்பிடிச் சுவர் தொடங்கும் மூலையைத் தொட்டு நிற்கிறது. ஓடும் நீர் நுழையாத மயிரிழை விரிசலிலும் தேங்கிய நீர் நுழையும்.

ஆகவே கம்பிக்கு அடுத்து உங்கள் பணம் போக வேண்டிய இடம் வடிகால். நான்கு அங்குலக் குழாய்கள் குறைந்தது இரண்டு புதிதாக வேண்டும், எதிரெதிர் மூலைகளில். ஒன்று அடைத்தாலும் மற்றொன்று காப்பாற்றும். குழாய் வாயில் பந்து வடிவச் சல்லடை வையுங்கள், தட்டையானது ஒரே ஒரு இலையில் மூடிக்கொள்ளும். மழை விட்ட பிறகு மாடியில் எங்கெங்கே குளம் நிற்கிறதென்று சாக்பீஸால் வளைத்துக் குறித்து வையுங்கள்; வாட்டம், அதாவது நீர் வழிந்தோடும் சரிவு, கெட்ட இடங்கள் அவையே. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை முழுவதையும் சுற்றிவரக் கொத்தி, நெகிழும் அடைப்பான் வைத்து, கலவையால் கால்வட்டமாகச் சரித்துப் பூசி, தளத்தில் ஒரு அடியும் சுவரில் ஒரு அடியும் நீர்த்தடுப்புப் பூச்சு ஏற வேண்டும். கைப்பிடிச் சுவரின் தலைப்பூச்சு வெடித்திருந்தால் அதையும் விட்டுவிடாதீர்கள். புயல் மழை நேராக விழுவதில்லை, பக்கவாட்டில் அடித்துச் சுவரின் உச்சி வழியாக உள்ளே இறங்குகிறது.

இப்போது தட்டோட்டுக்கு வருகிறேன். மூன்றாமவர் சொல்வது சில வீடுகளில் சரி. உங்கள் வீட்டில் அது தேவையா என்பதை விட்டத்தைப் போலவே தட்டித்தான் அறிய வேண்டும். ஓடுகளில் பத்தில் ஒன்றிரண்டு மட்டும் பொத்தலாக ஒலித்தால், அவற்றை மட்டும் மாற்றி, மற்றவற்றின் இடைக்கோடுகளைக் கிளறி, நீர்த்தடுப்புக் கலவையால் மறுபடி அடைத்தால் போதும். பாதிக்கு மேல் பொத்தல் என்றால்தான் பெயர்க்க வேண்டும். பெயர்ப்பதென்றால் கவனிக்க வேண்டியவை சில உண்டு. மூன்று அங்குலச் சுருக்கியும் ஓடும் சேர்ந்து சதுர அடிக்குப் பதினைந்து கிலோவுக்குக் குறையாது; உங்கள் மாடியிலிருந்து பதினைந்து டன் இடிபாடு இறங்கும், அதை டிராக்டரில் ஏற்றிக் கொண்டுபோகும் செலவு அந்த 1,70,000-க்குள் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். இடிப்பது உளியாலும் சுத்தியலாலும் மட்டுமே; நேரம் மிச்சம் என்று மின் உடைப்பானை வைத்து அதிரச் செய்தால், கம்பி பலவீனமான உங்கள் தளம் தாங்காது. பழையதைப் பெயர்க்காமல் அதன்மேலேயே இன்னொரு தளம் போடுகிறேன் என்று யாராவது விலை குறைத்துச் சொன்னால், அந்தப் பதினைந்து டன்னையும் இரட்டிப்பாக்கிவிடுவார்கள் என்று அறிந்து, மறுத்துவிடுங்கள்.

புதிதாகப் போடும் சுருக்கியில் சுண்ணாம்பே இருக்கட்டும். செங்கல் சல்லி 32 பங்குக்குச் சுண்ணாம்பு பன்னிரண்டரைப் பங்கு என்பது நம் பொதுப்பணித் துறையின் பழைய கணக்கு. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து இறுக்கிய அந்தத் தளங்கள் வெயிலோடு சேர்ந்து நெகிழ்ந்துகொடுத்தன. இன்று சுண்ணாம்புக்குப் பதிலாக சிமெண்டைக் கலந்து ஒரே நாளில் முடிக்கிறார்கள். விறைப்பான அந்தக் கலவை முதல் கோடையிலேயே வெடிக்கிறது. அந்தப் பொறுமையான வேலை அருகிவருவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

ஷீட் கூரையைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டும். வெயிலைத் தடுக்கும், துணி உலர்த்தலாம், ஒழுக்கும் நிற்கும்; எல்லாம் உண்மை. ஆனால் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 68 கிலோ அழுத்தத்தைத் தரும். தகர ஷீட்டின் எடையோ சதுர மீட்டருக்கு ஐந்து கிலோவை ஒட்டித்தான். நான்கு பக்கமும் திறந்த கூரைக்குள் காற்று புகுந்தால் அது கீழிருந்து மேலே தூக்கும். உங்கள் ஆயிரம் சதுர அடிக்கு அந்தத் தூக்குவிசை ஆறு டன் அளவுக்குப் போகும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறிய மறுவாரம் வேதாரண்யம் பகுதியில் வீடுகளைப் பார்வையிடப் போயிருந்தேன். ஒரு வீட்டு மாடிக் கூரை, இரும்புத் தூண்களோடு, இரண்டு மனை தள்ளித் தென்னந்தோப்பில் கவிழ்ந்து கிடந்தது. ஷீட்டில் ஒரு திருகாணிகூடக் கழன்றிருக்கவில்லை. தூணின் அடித்தகட்டில் நான்கு போல்ட்டும் அப்படியே இருந்தன. ஒவ்வொரு போல்ட்டையும் கவ்விக்கொண்டு கைப்பிடிச் சுவரின் செங்கல் துண்டு தொங்கியது. கூரை பலமாகத்தான் இருந்தது, அதைப் பிடித்திருந்த நாலரை அங்குலச் சுவர் பலமற்றிருந்தது. தூண்கள் கீழுள்ள கான்கிரீட் தூண்களுக்கோ உத்தரங்களுக்கோ நேராக நின்று அவற்றோடு பிணைக்கப்படாவிட்டால், கடலூரில் ஷீட் கூரை போட நான் சம்மதிக்க மாட்டேன். கம்பி துருப்பிடித்த தளத்தின்மேல் இப்போது அது வேண்டவே வேண்டாம்.

வெள்ளைப் பூச்சு கெட்டதன்று; மற்ற வேலைகள் முடிந்த பிறகு, கடைசியாக அடிக்க வேண்டியது. நெகிழும் தன்மையுள்ள வெள்ளைப் பூச்சு வெயிலைத் திருப்பி அனுப்புவதால் தளம் சூடேறுவதும் நீள்வதும் குறையும், அறையிலும் இரண்டு மூன்று டிகிரி தணிவு தெரியும். ஆனால் தேங்கும் நீரின்மேலும் ஆடும் ஓட்டின்மேலும் அடித்தால் ஓராண்டில் அப்பளம்போல உப்பி உரிந்துவிடும். நல்ல தளத்தில் அடித்தாலும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

செலவுக் கணக்கு இப்படி வரும். விலைகள் ஊருக்கும் ஆளுக்கும் மாறும். நான் சொல்வது பேரம் பேசுவதற்கான ஒரு மதிப்பீடு. விட்டத்தில் அறுபது சதுர அடிவரை கம்பிப் பழுது இருக்குமானால், சதுர அடிக்கு 250 முதல் 400 ரூபாய் வீதம் 15,000 முதல் 24,000. புதுக் குழாய்கள் இரண்டும் வாட்டத் திருத்தமும் 10,000-ஐ ஒட்டி. கைப்பிடிச் சுவரடி மூலை 130 அடி நீளத்துக்கு அதிகபட்சம் 16,000. ஓட்டு இடைக்கோடு அடைப்பு 18,000 முதல் 25,000. கடைசியில் அந்த வெள்ளைப் பூச்சு 32,000. எல்லாம் சேர்ந்து ஒரு லட்சத்தை ஒட்டி நிற்கும். ஓடு பாதிக்கு மேல் பொத்தல் என்று தெரிந்து பெயர்த்துப் பதிக்க நேர்ந்தால், இடைக்கோடு அடைப்பும் வெள்ளைப் பூச்சும் கழிந்து, இடிபாடு அகற்றும் செலவும் சேர்ந்து, இரண்டரை லட்சத்துக்குள் அடங்கும். அப்போதும் கம்பி வேலைதான் முதலில்.

காலம் மாசி, பங்குனி. ஐப்பசிக்கு முன் சுருக்கி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பூச்சு அடிப்பது காலை பத்து மணிக்குள் அல்லது மாலையில், கொதிக்கும் தளத்தில் அடித்த பூச்சு பிடிக்காது. வீட்டுக்கு ‘பாரத் கிருஹ ரக்ஷா’ காப்பீடு எடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் தரும் அந்தப் பாலிசியில் புயல் வெள்ளச் சேதம் அடங்கும், ஆனால் நாள்பட்ட கசிவும் துருவும் அடங்கா. புதிதாக எடுப்பதானால் பழுது நீக்கிய பிறகு படங்களோடு எடுங்கள்.

வேலையை எடுத்துச் செய்பவருக்கு முன்பணம் கால் பங்குக்கு மேல் வேண்டாம். கொத்தி முடித்துக் கம்பி தெரியும் நிலையிலும், துருத்தடுப்புப் பூச்சு அடித்த நிலையிலும் நீங்கள் பார்த்துப் படம் எடுத்த பிறகே மேற்கொண்டு பூச வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். விட்டத்து வேலை முடிந்து, முட்டுகளை எடுக்கும் முன், குழாய் வாய்களை அடைத்து மாடியில் ஒரு அங்குல நீரை ஒருநாள் நிறுத்திப் பாருங்கள். பத்தில் ஒரு பங்குப் பணத்தை கார்த்திகை மழை முடியும் வரை நிறுத்திவைத்துக்கொள்வதாக முதலிலேயே சொல்லிவிடுங்கள்; அதற்குச் சம்மதிப்பவரிடமே வேலையைக் கொடுங்கள்.